அம்பு எந்தப் பக்கம்

மூடிப்போன அலுவலகத்தின் தரையை
எடைக்கு வாங்கிவந்தோம்.
நாற்பத்திரண்டு சதுரங்கள், சாம்பல் நிறம்,
கோரமங்களாவிலிருந்து லிங்கராஜபுரத்துக்கு
டெம்போ வாடகை தனி.
ஆறு வருஷம் நான் நடந்த தரைதான்.
அதைச் சொல்லித்தான்
ஐந்நூறு ரூபாய் குறைத்தாள் ஜசிந்தா.

இப்போது வேலை தேடுவது இந்த அறைக்குள்.
நேர்காணலில் நான் ஒருமுறை பேசினால்
சுவர்கள் ஒருமுறை பேசுகின்றன.
"பாத்ரூம்லேர்ந்தா பேசறீங்க சார்?" என்றான்
போன மாதம் ஒரு பையன்,
என் சர்வீஸைவிட நாலு வயது மூத்தவன்.

கோந்து கூடாது, வீட்டுக்காரர் உத்தரவு.
சிவப்பு ஆக்சைடு தரை, அவர் அப்பா போட்டது.
ஏதாவது சாக்கில் மேலே வந்து
அதை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.
ஆகவே மூலைகளில் மட்டும் இருபக்க டேப்.
பீரோவைத் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை.
சரி, அதன் அடியில் சிவப்பே இருக்கட்டும்
அவருக்காக.

நடுவிலிருந்து தொடங்கணுமாம்.
ஆரோனின் சாக்பீஸால் இரண்டு கோடு.
நூல் பிடித்தபோதுதான் தெரிந்தது
ஒன்பது வருஷமாய் வாடகை கொடுத்துவருவது
சதுரமில்லாத ஓர் அறைக்கு.
ஜன்னல் பக்கத்தைவிட வாசல் பக்கம்
மூன்று விரற்கடை குறுகல்.
கட்டில் கோணலாய்க் கிடக்கிறதென்று
என்னைத்தான் இத்தனை நாள் திட்டியிருக்கிறாள்.
இன்று ஒன்றும் சொல்லாமல் நூலைச் சுருட்டினாள்.

ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் அம்புக்குறி.
அங்கே எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்த்திருக்கும்.
அப்போதுதான் இணைப்பு தெரியாது,
நூற்றிருபது நாற்காலிகளின் கீழ்
ஒரே கம்பளம்போல விரியும்.
பழக்கத்தில் அப்படியே அடுக்கிக்கொண்டு போனேன்.
ஒன்பதாவதில் கையைப் பிடித்தாள்.
"ஒண்ணு நேரா, ஒண்ணு குறுக்கா போடு.
கட்டம் தெரியட்டும்.
துண்டு துண்டா வாங்கினதை
ஒரே துண்டுன்னு யாரை ஏமாத்த?"

ஒன்பதையும் எடுத்தோம்.

இருபத்தாறாவதில் கை நின்றது.
நாற்காலிக் கால்கள் பதிந்த நாலு குழி,
இடுக்கில் ஒரு ஸ்டேப்ளர் பின்,
ஓரத்தில் பலாக்கொட்டை அளவுக்குக் காப்பிக் கறை.
கண்ணாடி அறை. மேஜைக்கு இந்தப் பக்கம்.
அந்தக் காப்பியை நான் சிந்தவில்லை.
காகிதத்தை என் பக்கம் நகர்த்தும்போது
அஞ்சனாவின் முழங்கை தட்டியது.
"சாரி, சாரி" என்றாள் இரண்டு தடவை.
எது எதற்கு என்று பிரித்துச் சொல்லவில்லை.

ஜசிந்தாவிடம் சொன்னேன்.
கேட்டுக்கொண்டே அவள் கத்தியின் மழுங்கிய நுனியை
உடைத்துப் புதுமுனை எடுத்தாள்.
"வாசல் ஓரத்துக்கு நாலங்குலம் வேணும்."
முதுகுப்பக்கம் இரண்டுமுறை கீறி மடக்கினால்
தானே விலகிக்கொள்கிறது.
கறை இருந்த பாதி குப்பைக்கு.
குழிகளில் இரண்டு மட்டும் இப்போது வாசலில்,
ஆரோன் செருப்போடு மிதிக்கும் இடத்தில்.

ஆறரைக்கு முடிந்தது.
நடுவில் நின்று கைதட்டினேன்.
ஒருமுறைதான் கேட்டது.
பேரைச் சொன்னேன், முழுப்பேர்,
படிப்பு, இருபத்தோரு வருஷ அனுபவம்,
எதிர்பார்க்கும் சம்பளம்.
எதுவும் திரும்பி வரவில்லை.
கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

டியூஷனிலிருந்து ஆரோன் வந்தான்.
உள்ளே குதித்து, உருண்டு,
கதவைச் சாத்தப் போனான்.
அது பாதியில் கவ்விக்கொண்டது.
ஆறு மில்லிமீட்டர் உயரத்தை
யாரும் கணக்கில் எடுக்கவில்லை.
இப்போது திறக்கவும் மாட்டேன் என்கிறது,
சாத்தவும் மாட்டேன் என்கிறது.

இழைப்புளியோடு குப்புராஜ் வருவது வியாழன்.
நேர்காணல் புதன், பதினோரு மணி.

அதுவரை மூவரும் வயிற்றை எக்கிப்
பக்கவாட்டில் நுழைகிறோம்.
மதிய ஷிப்ட்டுக்குப் போகும் ஜசிந்தா
பதினோரு மணிக்குத்தான் குக்கர் வைப்பாள்.
அன்றைக்கு மட்டும் தள்ளிவைக்கவா என்று கேட்டாள்.
வேண்டாம் என்றேன்.
மூணு விசில்தானே.
கேட்டால் கேட்கட்டும்.